சோளக் கரிப்பூட்டையும் கம்பின் அடிச்சாம்பலும்

விருதுநகர் ஜில்லாவில் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய வட்டங்களின் கரிசல் நிலங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படும் தானியங்களுள் சோளமும் கம்பும் நெடுங்காலமாக இடம் பெற்றவை. பருத்தியும் மக்காச்சோளமும் பிற்காலத்தில் பரவியபோதிலும், வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டையும் வேண்டுவோர் இவ்விரண்டையும் விட்டுவிடவில்லை. ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் இப்பிரதேசத்தில் ஒரு பருவம் தவறினால் அடுத்த புரட்டாசி வரையில் காத்திருக்க நேரிடுகிறது. ஆகையால், மழை காலத்தில் பெய்து, பயிர் செழித்து, கதிரும் வாங்கிய பின்னர், அக்கதிரில் மணிக்குப் பதிலாகக் கரித்தூள் நிறைந்திருக்கக் காண்பது, மழை பொய்த்தலைக் காட்டிலும் மனத்தை வருத்துவதாகும். உழவும், விதையும், களையெடுப்புக் கூலியும் செலவாகிய பின்னர் வரும் நஷ்டம் அது.

கரிப்பூட்டை என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே நோயன்று. சோளத்தில் மட்டும் நான்கு கரிப்பூட்டைகள் உண்டு. தானியக் கரிப்பூட்டை, உதிரிக் கரிப்பூட்டை, நீள் கரிப்பூட்டை, தலைக் கரிப்பூட்டை என அவை வழங்கப்படுகின்றன. நான்கும் நான்கு வேறு பூசணங்களால் உண்டாவன. நான்கிலும் கதிர் கரியாகிறது என்பது உண்மையே; ஆயினும் ஒவ்வொன்றும் பயிருக்குள் புகும் வழி வேறு. முதல் இரண்டும் விதையின்மேல் ஒட்டிக்கொண்டு வருவன. மூன்றாவது காற்றில் வருவது. நான்காவது நிலத்தில் தங்கியிருப்பது. வழி வேறாதலின் தடுக்கும் முறையும் வேறாகும். இதனை அறியாமல், ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்கு இட்டு, பயன் காணாமையால் மருந்தே வீண் என்று முடிவு செய்துவிடுதல் கிராமங்களில் அரிதன்று.

மானாவாரிச் சோளத்துக்கு மிகுந்த சேதம் விளைப்பது தானியக் கரிப்பூட்டையே. இந்நோய் கொண்ட செடி, உயரத்திலும் இலையின் பசுமையிலும் மற்றச் செடிகளைப் போன்றே இருக்கும். கதிர் வெளிவந்து மணி பிடிக்க வேண்டிய காலத்தில், மணி இருக்க வேண்டிய இடங்களில் மங்கிய வெண்ணிறமோ சாம்பல் நிறமோ உள்ள சிறு பைகள் தோன்றும். பை ஒவ்வொன்றும் 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை நீளமுடையது. அதன் தோல் கெட்டியானதாகையால் அறுவடை வரையில் உடைவதில்லை. களத்தில் கதிரடிக்கும்போதுதான் உடைந்து உள்ளிருக்கும் கருந்தூள் பறக்கும். அத்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு பூசண வித்து. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வித்துக்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. ஆதலால் ஒரு வண்டிக் கதிரில் பத்துக் கதிர் நோயுற்றவை இருந்தாலும், களத்தில் உள்ள நல்ல மணிகளின் மேலெல்லாம் இவ்வித்துக்கள் படிந்துவிடுகின்றன. மணியைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மணிகளே அடுத்த ஆண்டுக்கு விதையாகக் குலுக்கைக்குச் செல்கின்றன. உலர்ந்த இடத்தில் இவ்வித்துக்கள் பல ஆண்டுகள் வரையில் உயிரோடு இருக்கும்.

விதை நிலத்தில் விழுந்து, மழை ஈரம் கண்டு முளைக்கும்போது, அதன்மேல் ஒட்டியிருக்கும் பூசண வித்தும் உடன் முளைக்கிறது. முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டுமுன் பூசணம் அதனுள் நுழைந்துவிடுகிறது. பின்னர் குருத்தின் நுனியோடு கூடவே வளர்ந்து சென்று, கதிர் உருவாகும்போது அதன் பூக்களைக் கைப்பற்றிக்கொள்கிறது. இடையில் உள்ள இரண்டு மாத காலத்துக்கு வெளியே எவ்வித அடையாளமும் இல்லை. பூக்கும் பருவத்துப் பனியினால் கதிர் கருகியது என்று கூறுவோர் உண்டு. காரணம் விதைத்த வாரத்திலேயே நிகழ்ந்து முடிந்ததாகையால், கதிரில் கரி தெரிந்த பின்னர் எந்த மருந்தைத் தெளித்தும் பயனில்லை. அவ்வாறு தெளிப்பதற்கு ஆகும் செலவு வெறும் செலவே.

இவ்வுண்மை சோளத்தில் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே கோதுமையில் அறியப்பட்டது. பிரான்சு தேசத்தில் தில்லே என்பவர் 1755-ஆம் ஆண்டில், கோதுமையின் கரிநோய் கருந்தூளின் மூலம் விதைக்குத் தொற்றுகிறது என்று வயலில் பாத்திகள் பிரித்துச் சோதித்துக் காட்டினார். அத்தூள் உயிருள்ள பூசணத்தின் வித்து என்பதையும், செம்பு கலந்த நீர் அதனை முளைக்கவொட்டாமல் தடுக்கும் என்பதையும் 1807-இல் பிரெவோ என்பவர் கண்டறிந்தார். இந்திய நாட்டில் ஈ. ஜே. பட்லர் 1918-இல் வெளியிட்ட பயிர்ப் பூசண நூலும், டி. எஸ். ராமகிருஷ்ணன் 1963-இல் வெளியிட்ட சிறுதானிய நோய்கள் பற்றிய நூலும் இத்துறையில் ஆதார நூல்களாக விளங்கின. விதையை மயில்துத்த நீரில் நனைத்து உலர்த்தும் வழக்கம் முன்பு இருந்தது. நனைத்த விதையை உலர்த்தும் வேலையும், சரியாக உலராவிடில் முளைப்புக் கெடும் என்னும் அச்சமும் அதில் உண்டு. உலர்ந்த கந்தகத் தூளை விதையோடு கலக்கும் முறையில் இவ்விரு தொல்லையும் இல்லை.

கந்தகம் கலத்தல்

கந்தகம் என்றவுடன் சிவகாசி வட்டாரத்தாருக்கு நினைவு வருவது தீப்பெட்டியும் பட்டாசுமே. மழை குறைந்த இப்பகுதியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கி, பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. வெடியுப்பு, கரி ஆகியவற்றோடு கந்தகமும் அத்தொழிலின் மூலப்பொருளாயிற்று. அதே கந்தகம்தான் சோளத்தின் கரிப்பூட்டைக்கும் மருந்து. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கந்தகத் தூள் போதும். மானாவாரியில் ஏக்கர் ஒன்றுக்கு 6 கிலோ விதை என்று கொண்டால், 24 கிராம் கந்தகத்தோடு வேலை முடிகிறது. ஓர் ஏக்கரின் கதிரைக் காப்பதற்கு இதனினும் மலிவான வழி ஒன்றைச் சொல்வது கடினம்.

தூள் மிக நேர்த்தியாக இருத்தல் வேண்டும். சல்லடையின் ஓர் அங்குல நீளத்தில் 300 கண்கள் உள்ளதாயின் அதில் இறங்கும் தூளே தக்கது. கரடுமுரடான தூள் விதையில் ஒட்டாது. பானையின் அடியில் தங்கிவிடும். விதையை நன்றாக உலர்த்திப் புடைத்து, கழுத்துக் குறுகிய மண்பானையில் பாதியளவுக்கு இட்டு, கந்தகத்தைத் தூவி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, பத்து நிமிஷம் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பானையை நிரப்பிவிட்டால் விதை புரளாது. ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய மஞ்சள் படலம் தெரிந்தால் வேலை சரியாயிற்று என்று அறியலாம். இவ்வாறு கலந்த விதையை உடனே விதைக்கலாம். புழுதி விதைப்புக்காக முன்கூட்டிக் கலந்து உலர்ந்த இடத்தில் வைத்திருக்கவும் செய்யலாம். முளைப்புக்குக் கெடுதல் இல்லை. மிஞ்சிய விதையைச் சமையலுக்கோ கோழிக்கோ பயன்படுத்தலாகாது. கந்தகம் கிடைக்காத இடத்தில் கடைகளில் விற்கும் கேப்டான், தீரம் போன்ற விதை மருந்துகளும் இந்நோயைத் தடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. மற்ற ஜில்லாக்களில் இதற்கு இவ்வளவு அவசியமில்லை. பட்டாசுச் சாலைகளிலிருந்து மிகுந்து வரும் மஞ்சள் தூளையோ, ‘மருந்து’ என்று வழங்கும் எந்தக் கலவையையோ விதைக்குக் கலப்பதற்கென்று வாங்குதல் கூடவே கூடாது. கந்தகத்தோடு பொட்டாசியம் குளோரேட் சேர்ந்த கலவை, நெருப்பு இல்லாமலே, உராய்வு ஒன்றினாலேயே வெடிக்கக்கூடியது. அதன் அபாயத்தைக் கருதியே அக்கலவையைப் பட்டாசில் சேர்ப்பதை வெடிபொருள் விதிகள் தடுக்கின்றன. விதையும் தூளும் பானையில் உருளும்போது நிகழ்வதும் உராய்வுதான். பார்வைக்குத் தூய கந்தகமாகத் தோன்றும் தூளில் வேறு உப்புக் கலந்துள்ளதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஆகையால் பயிர் மருந்தென்று முத்திரையிட்டு விற்கப்படும் கந்தகத்தையே, பற்றுச்சீட்டோடு, பயிர் மருந்துக் கடையில் வாங்க வேண்டும். தூய கந்தகமும் எளிதில் தீப்பற்றுவதே. அதன் தூள் காற்றில் பறக்கும் இடத்தில் பீடி, சுருட்டு, அடுப்பு ஆகியவை இருத்தலாகாது. கிராம நிர்வாக அதிகாரிகள் விதைப்புக்கு முந்திய நாட்களில் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்வது நலம்.

கந்தகம் கலந்து விதைத்தவர் வயலில், அண்டை வயலின் தானியக் கரிப்பூட்டை அவ்வாண்டு வந்து தொற்றுவதில்லை. ஏனெனில் முளைப் பருவம் கடந்த செடியில் இப்பூசணம் நுழைய வழியில்லை. ஆனால் அறுவடைக்குப் பின்னர் நிலைமை மாறுகிறது. முற்காலத்தில் பொதுக்களம் செய்த காரியத்தை இப்போது வாடகைக்கு வரும் கதிரடிக்கும் இயந்திரம் செய்கிறது. காலையில் ஒருவர் கதிரை அடித்த இயந்திரம், துடைக்கப்படாமல், மாலையில் மற்றொருவர் கதிரை அடித்தால், முன்னவரின் கரித்தூள் பின்னவரின் விதையில் சேர்கிறது. தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வாகனங்கள் ஏற விடும் வழக்கத்திலும் இதுவே நேர்கிறது. விதைக்கென்று வைக்கும் கதிர்களை, இயந்திரம் வருமுன், வயலின் நடுவில் உள்ள நல்ல செடிகளிலிருந்து கையால் கொய்து தனியே அடித்துக்கொள்வது பழைய வழக்கம், அவ்வழக்கம் அறிவுள்ளது. சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராகையால், நல்ல ரகத்தின் விதையைச் சில ஆண்டுகள் குணம் மாறாமல் சொந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். கோவில்பட்டியில் 1901-இல் கரிசல் நிலத்துக்கென ஏற்பட்ட ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வெளியான ‘கே’ வரிசைச் சோளங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இனி மற்ற மூன்று கரிப்பூட்டைகள். உதிரிக் கரிப்பூட்டை கொண்ட செடி குட்டையாயும் மெலிந்தும் இருக்கும். மற்றவற்றுக்கு முன்னதாகவே கதிர் தள்ளும். பையின் தோல் மெல்லியதாகையால் கதிர் வெளிவந்தவுடன் கிழிந்து, தூள் காற்றில் போய், நடுவில் வளைந்த குச்சிகள் மட்டும் நிற்கும். இதுவும் விதையின்மேல் வருவதே, கந்தகத்துக்குக் கட்டுப்படும். நீள் கரிப்பூட்டையில் கதிர் முழுவதும் கெடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகள் மட்டும் 4 சென்டிமீட்டர் வரை நீண்டு வளைந்த குழல்களாக மாறும். குழலைக் கிழித்தால் கருந்தூளின் நடுவே எட்டுப் பத்துக் கரிய நார்கள் தெரியும். இதன் வித்து காற்றில் வந்து கதிர் வெளிவரும் தருணத்தில் பூவைப் பற்றுவது. விதைக்குக் கந்தகம் இட்டவர் வயலிலும் இது காணப்படும், கந்தகத்தின்மேல் குற்றமில்லை. தலைக் கரிப்பூட்டையிலோ கதிர் முழுவதும் ஒரே பெரும் பையாக மாறி, வெண்தோல் கிழிந்ததும் கரிய நார்ச்சடையாய்த் தொங்கும். அதன் வித்து மண்ணில் விழுந்து ஆண்டுக்கணக்கில் தங்கும். அத்தகைய கதிரைக் கண்டவுடன், தூள் சிந்தாதபடி துணிப்பை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து அறுத்து எரித்துவிட வேண்டும்; எருக்குழியில் எறிதல் கூடாது. அந்நிலத்தில் அடுத்த ஆண்டு பருத்தியோ பயறோ இடுவது தக்கது.

சாம்பலும் அடிச்சாம்பலும்

பெயரால் வரும் மயக்கம் மற்றொன்றும் உண்டு. உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் இலைமேல் மார்கழிக் குளிரில் வெண்பொடி தூவியது போல் படர்வது சாம்பல் நோய். கம்பின் இலைக்கு அடியில் விடியற்காலையில் வெண்ணிறப் பஞ்சு போல் தோன்றுவது அடிச்சாம்பல் நோய். சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவிக் குணம் கண்டவர், கம்பிலும் ‘சாம்பல்’ கண்டு கந்தகமே தூவுகின்றனர். பயன் இல்லை. முன்னதன் பூசணம் இலையின் மேற்புறத்தே படர்ந்து நிற்பதாகையால் தூவும் கந்தகம் அதன்மேல் படுகிறது. பின்னது இலையின் உள்ளேயே வாழ்ந்து, இரவின் ஈரத்தில் கிளைகளை மட்டும் வெளியே நீட்டுவது. மேலும், அடிச்சாம்பலை உண்டாக்கும் உயிர் உண்மையில் பூசண இனத்தைச் சேர்ந்ததே அன்று என்றும், நீரில் வாழும் சில பாசிகளுக்கு உறவானது என்றும் விஞ்ஞானிகள் பிரித்து வைத்திருக்கின்றனர். உருவத்திலும் வாழ்க்கையிலும் பூசணத்தை ஒத்திருப்பதால் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இதே மயக்கம் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களிலும் ஏற்பட்டது. 1845-இல் இங்கிலாந்தின் மார்கேட் என்னும் ஊரில் டக்கர் என்ற தோட்டக்காரர் தம் திராட்சையில் சாம்பல் நோயைக் கண்டார். அந்நோய் பிரான்சு தேசத்தில் பரவியபோது கந்தகத் தூளே தோட்டங்களைக் காத்தது. 1878-இல் அடிச்சாம்பல் நோய் அங்கே தோன்றியது. கந்தகம் அதற்குப் பலிக்கவில்லை. 1885-இல் போர்தோ நகரத்து ஆசிரியர் மிலார்தே என்பவர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீர் அதனைத் தடுக்கும் என்று வெளியிட்டார். போர்டோக் கலவை என்று பெயர் பெற்றது அதுவே.

திராட்சைத் தோட்டக்காரருக்குத் தெளிப்புச் செலவு கட்டும். மானாவாரிக் கம்புக்குக் கட்டாது. அன்றியும் கம்பில் அடிச்சாம்பல் தொடங்குவது மண்ணிலிருந்து. நோயுற்ற இலைகள் நார் நாராய்க் கிழிந்து உதிரும்போது, அவற்றினுள் உண்டான கெட்டித் தோலுள்ள வித்துக்கள் நிலத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் வரையில் காத்திருக்கும். கம்பு விதைக்கப்பட்டதும் இளமுளையைப் பற்றும். அவ்வாறு பற்றப்பட்ட செடியின் இலைகள் வெளிறி மஞ்சள் கோடுகள் கொள்ளும். கதிர் வந்தாலும் மணி இருக்க வேண்டிய இடமெல்லாம் சிறு இலைகளாய்ச் சுருண்டு பச்சைக் கொத்தாக நிற்கும். அத்தகைய கதிரில் ஒரு பிடி தானியமும் கிடையாது. நோயுற்ற ஓரிரு செடிகளை இளம் பருவத்திலேயே பிடுங்கி அழித்தால், இலையடியில் உண்டாகிக் காற்றில் பறக்கும் வித்துக்கள் மற்றச் செடிகளுக்குச் செல்வது குறையும். 1970-களின் பிற்பகுதியில் வந்த மெட்டலாக்ஸில் என்னும் மருந்தை ஒரு கிலோ விதைக்கு 6 கிராம் வீதம் கலந்தால் இளமுளை காக்கப்படும். ஆயினும் இந்நோய்க்கு நிலையான அரண் விதையின் பரம்பரைக் குணமே. அவ்வரண் எவ்வாறு ஏற்படுகிறது, எவ்வாறு இடிகிறது என்பதற்குக் கம்பின் வரலாற்றிலேயே சான்று உள்ளது.

கம்புக் கதிரில் சூல்முடிகள் முதலில் வெளிவரும். மகரந்தப் பைகள் சில நாட்கள் கழித்தே வரும். ஆகையால் ஒரு கதிர் மற்றொரு கதிரின் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் கருவுறுகிறது. பழைய நாட்டுக் கம்பு வயலில் ஒரு செடியைப் போல் மற்றொரு செடி இராமைக்கு இதுவே காரணம். உயரம் வேறு, கதிர் நீளம் வேறு, நோய் தாங்கும் சக்தியும் வேறு. அடிச்சாம்பல் வந்தால் சில செடிகள் சாகும். பல செடிகள் தப்பும். மகசூல் உயர்வாக இராவிடினும் வயல் முழுவதும் பாழாவதில்லை.

இரண்டு தூய வழிகளை இணைத்தால் பிறக்கும் கலப்புக் கம்பு, தாயையும் தந்தையையும்விட வீரியமாய் விளையும். சென்னை மாகாணத்திலேயே 1950-ஐ ஒட்டி ‘எக்ஸ்’ என்னும் எழுத்துடைய கலப்புக் கம்புகள் உண்டாக்கப்பட்டன. எனினும் தாய்ச்செடியின் மகரந்தம் கலவாமல் பெருமளவில் கலப்பு விதை எடுப்பது கடினமாயிருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டிப்டன் நகரில் கிளென் பர்ட்டன் என்பவர், மகரந்தமே உண்டாகாத கம்பு வழி ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் பெயர் டிப்ட் 23ஏ. அதனைத் தாயாக வைத்து, லூதியானாவில் எச்.பி. 1 என்னும் கலப்புக் கம்பு 1965-இல் வெளியாயிற்று. அதன் பின்னர் எச்.பி. 2 முதல் 5 வரையில் வந்தன. தந்தைகள் வேறு வேறு; தாய் மட்டும் ஒன்றே. விளைச்சலைக் கண்டு வியந்த விவசாயிகள் பல மாகாணங்களிலும் இவற்றை விரைவில் ஏற்றுக்கொண்டனர்.

அமெரிக்காவில் கம்பு அடிச்சாம்பல் நோயைச் சந்தித்ததில்லை. ஆகையால் அங்கே உருவான தாய்வழியில் அதனைத் தாங்கும் குணம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இந்திய மண்ணில் நோய் முன்பே இருந்தது. வித்தியாசமில்லாத ஒரே பரம்பரைச் செடிகள் லட்சக்கணக்கான ஏக்கரில் நின்றபோது, ஒரு செடியில் வெல்லக் கற்ற நோய் எல்லாச் செடியிலும் வென்றது. 1971-இல் எச்.பி. 3 பயிர் பெரும் பரப்பில் அழிந்தது. பிற்பாடு புது டெல்லியில் 5141ஏ என்னும் வேறு தாய்வழி உண்டாக்கப்பட்டு, அதிலிருந்து பி.ஜே. 104 முதலிய கம்புகள் பரவின. அவையும் 1980-களின் நடுவில் நோய்க்கு இரையாயின. நோயும் ஒரே நிலையில் நிற்பதன்று. ஒரு வட்டாரத்தில் இருப்பதும் மற்றொரு வட்டாரத்தில் இருப்பதும் ஒன்றல்ல; புதிதாகப் பயிராகும் ரகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது.

மக்காச்சோளம் பயிரிடுவோரும் இச்செய்தியைத் தங்களுக்குப் புறம்பானதாக எண்ண வேண்டுவதில்லை. கம்பு அழிவதற்கு ஓராண்டு முன்னர், 1970-இல், அமெரிக்காவின் மக்காச்சோளத்தில் இலைக்கருகல் நோய் பரவி அந்நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவிகிதம் நாசமாயிற்று. அங்கே பயிரான கலப்பு விதையில் பெரும்பகுதி, டெக்ஸாஸ் வழி எனப்பட்ட ஒரே தாய்வழியின் உயிரணுப் பாகத்தைக் கொண்டிருந்தது. மகரந்தத்தை இல்லாமற் செய்த அதே குணமே நோயின் விஷத்துக்கும் இடங்கொடுத்தது. கம்பில் நடந்தது சற்று வேறு: மகரந்தமின்மை அங்கே நோய்க்குக் காரணமன்று, தாய்வழியின் மற்றப் பரம்பரைக் குணங்களே எளிதில் நோய் கொள்வனவாயிருந்தன. காரணம் வேறாயினும், ஒரு தாயை நம்பிப் பெரும் பரப்பு நின்றது இரண்டிலும் ஒன்றே.

இதன் பின்னர் ஆராய்ச்சியாளர் இரு வழிகளில் சென்றனர். ஐதராபாத்துக்கு அருகில் பதான்சேருவில் 1972-இல் ஏற்பட்ட சர்வதேச ஆராய்ச்சி நிலையம், பல செடிகளின் குணங்கள் கலந்த கூட்டு ரகங்களை உண்டாக்கிற்று. 1982-இல் வெளியான டபிள்யூ.சி.சி. 75 என்பது அவற்றுள் ஒன்று. செடிக்குச் செடி வேறுபாடு உள்ளதாகையால், நோய் அதனை ஒரே அடியில் வீழ்த்த முடியவில்லை. மற்றொரு வழி, கலப்புக் கம்பின் பெற்றோரிலேயே நோய் தாங்கும் மரபணுக்களைச் சேர்ப்பது. அரியானா விவசாயப் பல்கலைக்கழகம் 1990-இல் வெளியிட்ட எச்.எச்.பி. 67 என்னும் குறுகிய காலக் கம்பு அடிச்சாம்பலுக்கு இடங்கொடுக்கத் தொடங்கியபோது, அதன் பெற்றோருக்குள் நோய் தாங்கும் மரபணுப் பகுதிகள் புகுத்தப்பட்டன. நாற்றின் இலையிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துச் சோதித்து, விரும்பிய பகுதி எந்தச் செடியில் வந்துள்ளது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தமையால் காலம் மிச்சமாயிற்று. திருத்திய எச்.எச்.பி. 67 விதை 2005-இல் வெளியாயிற்று.

கரிசல் காட்டு விவசாயிக்கு இதிலிருந்து கிடைக்கும் பிரயோஜனம் நேரடியானது. ஒரு கிராமத்தில் எல்லாரும் சென்ற ஆண்டு நன்றாய் விளைந்த ஒரே கலப்புக் கம்பையே வாங்குவது இயல்பு. கடைக்காரரும் அதையே கொண்டு வருவார். இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து இடுவதும், ஒரு பங்கு நிலத்திலாவது கூட்டு ரகத்தை இடுவதும் நலம். கலப்புக் கம்பின் விளைச்சலை மறு ஆண்டு விதையாக வைத்துக்கொள்வது பயன்படாது, குணங்கள் சிதறிப்போகும். கூட்டு ரகத்தில் அந்தக் குறை இல்லை. வேறு கம்பு வயலின் மகரந்தம் எட்டாதபடி நிலத்தின் நடுவில் கதிரெடுத்தால் சில பருவங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அவ்வாறு வைக்கும் கம்பு விதையில் தேனொழுகல் நோயின் கரிய கட்டிகள் கலந்திருத்தல் கூடும். அவை நஞ்சுடையவை, உண்டவருக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் உண்டாக்கும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் கட்டிகளும் பதரும் மிதக்கும். அவற்றை நீக்கி, விதையை நல்ல நீரில் இரண்டு முறை கழுவி நிழலில் உலர்த்த வேண்டும்.

கிராம நிர்வாக அதிகாரி அடங்கலில் ‘கம்பு’ என்றும் ‘சோளம்’ என்றும் எழுதுவதோடு பயிரின் கணக்கு முடிந்துவிடுகிறது. எந்த ரகம், எந்த விதை என்பது அதில் இல்லை. நோய் பரவிய பின்னர் விவசாய அதிகாரி வந்து கேட்கும்போது, பையைத் தூர எறிந்துவிட்ட விவசாயிக்கும் பெயர் நினைவிருப்பதில்லை. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டப்படி விதைப் பையில் ரகத்தின் பெயரும், தொகுதி எண்ணும், முளைப்புத் திறனும் குறித்த சீட்டு இருக்க வேண்டும். அச்சீட்டையும் கடைப் பற்றுச்சீட்டையும் அறுவடை முடியும் வரையில் வைத்திருந்து, எந்த சர்வே எண்ணில் எது விதைக்கப்பட்டது என்று அதன் பின்புறத்தில் எழுதிக்கொள்ளலாம். பச்சைக் கதிர் தென்பட்டால், கதிரோடு அச்சீட்டையும் வட்டார விவசாய அலுவலகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்; கதிரைத் தாளில் சுற்றிக் கொண்டு செல்வது நல்லது, பிளாஸ்டிக் பையில் அது அழுகிப்போகும்.